1 டெரா டிஸ்க் ஓடுகிறது, 2 டெரா ஏன் ஓடவில்லை?

பழைய கமரா ரெக்கோடர் பெட்டிக்கு டிஸ்க் மாற்றப் போனால், அது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவாக இருக்கட்டும், புறக்கோட்டையில் ஏதாவதொரு குறுக்குத் தெருவாக இருக்கட்டும், கடைக்காரர் முதலில் கேட்பது "பெட்டி எத்தனை டெரா வரைக்கும் எடுக்கும்?" என்றுதான். 1 டெரா போட்டால் பேசாமல் ஓடும். 2 டெரா போட்டால் சில பெட்டிகள் டிஸ்க் இருப்பதையே காட்டாது, சில வாயில் நுழையாத ஒரு அளவைக் காட்டும். காரணம் மின்சாரம் போதாததாக இருக்கலாம், பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளே ஒரு வரம்பு போட்டிருக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு காரணம் சி மொழியில் ஒரே வரிக்குள் ஒளிந்திருக்கக்கூடியது. சாதனங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர்களை எழுதுகிறவர்களுக்கு அது பழைய எதிரி, வெப் பக்கமும் மொபைல் பக்கமும் வேலை செய்கிற நம்மவர்கள் பலருக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்: பிட் ஷிஃப்ட், அதாவது ஒரு எண்ணின் பிட்களை இடமோ வலமோ தள்ளுவது, அதுவும் டிஸ்க்கோ மெமரி காட்டோ சொல்லும் எண்ணை நம்பிச் செய்கிற ஷிஃப்ட்.

டிஸ்க்குகளோடு கதைக்கப் பயன்படும் ஸ்கசி கட்டளைத் தொகுப்பில் 'ரீட் கபாசிட்டி 10' என்று ஒரு கட்டளை உண்டு. யூஎஸ்பி டிஸ்க்குகளும் பெரும்பாலும் இதே மொழியில்தான் கதைக்கும். கேட்டால் டிஸ்க் 8 பைட் திருப்பி அனுப்பும், முதல் 4 பைட்டில் கடைசி செக்டரின் (டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு துண்டின்) எண், அடுத்த 4 பைட்டில் ஒரு செக்டரின் அளவு. பெரிய பைட் முன்னால் வரும். அதனால் டிரைவர் எழுதுகிறவர் செய்வது என்ன? முதல் பைட்டை 24 பிட் இடப்பக்கம் தள்ளு, இரண்டாவதை 16, மூன்றாவதை 8, நான்காவதை அப்படியே விடு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர், கிடைப்பதை 64 பிட் மாறியில் போடு. பார்க்க ஒரு குறையும் இல்லை. பத்துப் பேர் பார்த்தால் ஒன்பது பேர் சரி என்று கடந்து போய்விடுவார்கள்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் 1 டெரா என்று விற்கிற டிஸ்க்கில் 512 பைட் செக்டர் 1,953,525,168 இருக்கும். 2 டெரா என்று விற்பதில் 3,907,029,168. நடுவில் 2,147,483,648 என்று ஒரு எல்லைக் கல் நிற்கிறது, அதாவது 2-இன் 31ஆம் அடுக்கு. 1 டெரா டிஸ்க்கில் கடைசி செக்டர் எண்ணின் முதல் பைட் 116. அதை 24 பிட் தள்ளினாலும் 31 பிட்டுக்குள் அடங்கிவிடும். 2 டெரா டிஸ்க்கில் முதல் பைட் 232. 127-ஐத் தாண்டிய எந்த எண்ணையும் 24 பிட் தள்ளினால் அதன் தலைப்பிட் 32ஆவது இடத்தில், எண் பிளஸா மைனஸா என்று சொல்லும் குறி பிட்டில், போய் உட்காரும்.

குறி பிட்டா, பைட் மைனஸே வராத குறியற்ற வகைதானே என்று கேட்பீர்கள். பைட் குறியற்றதுதான். ஆனால் சி மொழியில் ஒரு பைட்டைக் கணக்குக்குள் கொண்டுவந்த அடுத்த கணமே அது சாதாரண இன்ட் ஆகிவிடும், அதாவது குறியுள்ள 32 பிட் எண். நாம் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை, மொழியின் விதி அப்படி. ஆக 232-ஐ 24 பிட் தள்ளும்போது நாம் தள்ளுவது குறியுள்ள எண்ணை, விடை அந்த வகைக்குள் அடங்காது. சி தரநிலை இதற்கு வைத்திருக்கும் பெயர் வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தராது. நடைமுறையில் என்ன நடக்கும்? விடை மைனஸ் எண்ணாகிவிடும், -387,938,129. அதை 64 பிட் மாறியில் போடும்போது குறி பிட் மேலே உள்ள 32 இடங்களுக்கும் பரவும். குறியற்றதாக வாசித்தால் டிஸ்க்கின் கடைசி செக்டர் எண் 18,446,744,073,321,613,487. மேலே இருக்கிற கோட் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது அதன் குணத்தைப் பொறுத்தது. ஒன்று மைனஸ் என்று பார்த்து அளவைப் பூச்சியமாக்கும், இன்னொன்று அந்தப் பூதாகரமான எண்ணை நம்பி டிஸ்க்கின் கோடியில் எதையோ வாசிக்கப் போகும், டிஸ்க் பிழை சொல்லித் திருப்பி அனுப்பும். இரண்டிலும் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "இந்தப் பெட்டி 2 டெரா எடுக்காது அண்ணை."

திருத்தம் சின்னது. தள்ளுவதற்கு முன்னால் பைட்டைக் குறியற்ற 32 பிட் வகைக்கு மாற்ற வேண்டும், தள்ளிய பிறகு மாற்றிப் பயனில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலில் இதற்கென்றே கெட்_அன்அலைன்ட்_பிஇ32 என்று ஒரு உதவிச் சார்பு இருக்கிறது. நான்கு பைட்டைக் கொடுத்தால் குறியற்ற 32 பிட் எண்ணைக் கையில் தரும். அதைப் பயன்படுத்தினால் ஷிஃப்டே நம் கண்ணில் படாது. புதிதாக எழுதுகிறவர்கள் கையால் பைட் கோர்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் கேர்னல் மரத்துக்கு வெளியே, சிப் தயாரிப்பாளர்கள் சிப்போடு சேர்த்து அனுப்புகிற டிரைவர்களிலும் பூட்லோடர்களிலும் கையால் கோர்த்த வரிகளை இன்றும் காணலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லினக்ஸ் கேர்னல், குறியுள்ள எண் வழிந்தால் அது சுற்றி வரும் என்று எடுத்துக்கொள்ளும்படி, கோட்டைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கொம்பைலருக்குச் சொல்லும் கொடியோடுதான் கட்டப்படுகிறது. அது போக, குறி பிட்டுக்குள் தள்ளும் விஷயத்தில் சி தரநிலையின் சி99, சி11 பதிப்புகள் தருகிற சுதந்திரத்தைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று ஜிசிசி கொம்பைலரின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் மேலே சொன்ன வரி கேர்னலுக்குள் நடைமுறையில் வரையறுக்கப்பட்ட நடத்தைதான். சந்தோஷம். ஆனாலும் டிஸ்க்கின் அளவு மைனஸ்தான்! நடத்தை வரையறுக்கப்பட்டதாகிவிட்டதால் விடை சரியாகிவிடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதி இதுதான்.

மற்றப் பாதி ஷிஃப்டின் வலப்பக்க எண்ணைப் பற்றியது, அதாவது எத்தனை இடம் தள்ளுகிறோம் என்ற எண். 32 பிட் எண்ணை 32 இடமோ அதற்கு மேலோ தள்ளினால், அல்லது மைனஸ் இடம் தள்ளினால், அதுவும் வரையறுக்கப்படாத நடத்தை. இது குறி பிட் விவகாரம் போல் கையேட்டில் சமரசம் செய்துகொண்ட இடம் இல்லை, இதற்கு மன்னிப்பே கிடையாது. ஏன் தரநிலை இதை இப்படித் தொங்கவிட்டது என்று தேடிப்போனால் காரணம் ப்ரொசசர்களிடம் இருக்கிறது. இன்டெல்லின் 8086, எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு அத்தனை தடவை தள்ளும். 286-இல் இருந்து எண்ணிக்கையின் கடைசி 5 பிட்டை மட்டும்தான் பார்ப்பார்கள், கட்டளை நீண்ட நேரம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. அதனால் எக்ஸ்86-இல் 1-ஐ 32 இடம் தள்ளினால் கிடைப்பது 1, தள்ளாதது மாதிரி. 32 பிட் ஆர்ம் சிப்பில் எண்ணிக்கையின் கடைசி 8 பிட்டைப் பார்ப்பார்கள், அங்கே அதே கணக்குக்கு விடை 0. பவர்பிசி 6 பிட் பார்க்கும், அங்கேயும் 0. 64 பிட் ஆர்முக்கு வந்தால் திரும்ப எக்ஸ்86 மாதிரி சுற்றி வரும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு விடையை விதித்திருந்தால் ஏதாவதொரு சிப்பில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கூடுதல் கட்டளை சேர்க்க வேண்டி வந்திருக்கும், சி அதற்குத் தயாராக இல்லை. பிறகு வந்த மொழிகள் ஆளுக்கொரு பக்கம் முடிவெடுத்தன: ஜாவா சுற்றிவிடும், கோ மொழி பூச்சியம் தரும், ரஸ்ட் சோதனைக் கட்டமைப்பில் பிழை சொல்லி நின்றுவிடும்.

நடைமுறைத் தொல்லை என்னவென்றால், நாம் எழுதுவதும் சோதிப்பதும் எக்ஸ்86 லாப்டொப்பில், ஓடப் போவது கடையில் தொங்குகிற ஆர்ம் பலகையில். ஒரே கோட், இரண்டு விடை. இன்னும் மோசம், ஒரே சிப்பில்கூட எண்ணிக்கை கொம்பைல் நேரத்திலேயே தெரிந்திருந்தால் ஒரு விடையும் ஓடும்போதுதான் தெரிய வந்தால் வேறு விடையும் வரலாம், முதலாவதைக் கணக்குப் பார்ப்பது கொம்பைலர், இரண்டாவதைப் பார்ப்பது சிப்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது எக்ஸ்ட்4 கோப்பு முறையில் நடந்த ஒரு கதை. அது டிரைவர் இல்லை, டிரைவருக்கு ஒரு மாடி மேலே இருப்பது, ஆனால் நோய் ஒன்றுதான். கோப்பு முறையின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர் பிளொக்கில், தொகுதிகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு அளவு, 2-இன் எத்தனையாவது அடுக்கு என்ற வடிவத்தில் எழுதப்பட்டிருக்கும். கேர்னல் அந்த அடுக்கை வாசித்து 1-ஐ அத்தனை இடம் தள்ளும், வந்த விடையைப் பிறகு வகுப்பதற்குப் பயன்படுத்தும். யாராவது டிஸ்க் படிமத்தில் அந்த இடத்தில் விஷமமாக ஒரு பெரிய எண்ணை எழுதி வைத்தால் விடை பூச்சியமாகி, பூச்சியத்தால் வகுக்கப் போய்க் கேர்னல் விழும். இது பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2009-4307 என்று பதிவானது. திருத்தமும் வந்தது: தள்ளு, விடை 2-ஐ விடக் குறைவா என்று பார், குறைவென்றால் ஒதுங்கிப் போ. நியாயமாகத்தானே தெரிகிறது?

இல்லை. இரண்டு ஓட்டை. முதலாவது, எக்ஸ்86-இல் அடுக்கு 36 என்று எழுதியிருந்தால் 36-இல் கடைசி 5 பிட் 4, ஆகவே 1-ஐ 36 இடம் தள்ளினால் 16 வரும். 16 ஒன்றும் 2-ஐ விடக் குறைவில்லை, சோதனையைச் சிரித்துக்கொண்டே கடந்து போய்விடும். இப்போது கேர்னலிடம் இரண்டு எண் இருக்கிறது, அடுக்கு 36, அளவு 16, ஒன்றுக்கொன்று ஒத்துவராது. கோட்டின் ஒரு பகுதி ஒன்றை நம்பும், மற்றப் பகுதி மற்றதை நம்பும். இரண்டாவது ஓட்டை இன்னும் அழகு. கொம்பைலர் இப்படி யோசிக்கலாம்: 1-ஐ முறையான எண்ணிக்கையில் எத்தனை இடம் தள்ளினாலும் பூச்சியம் வரவே வராது, முறையற்ற எண்ணிக்கையைப் பற்றி நான் கவலைப்படத் தேவையில்லை, ஆகவே 2-ஐ விடக் குறைவா, அதாவது 0-ஆ 1-ஆ, என்பதில் 'பூச்சியமா' என்ற பாதிச் சோதனை வெட்டி வேலை, தூக்கிவிடு. கற்பனை இல்லை, கிளாங் என்ற கொம்பைலரின் 3.0 பதிப்பு பூச்சியச் சோதனையை அப்படியே தூக்கியது, ஜிசிசி 4.6 விட்டுவைத்தது. பாதுகாப்புக்காகப் போட்ட வரி, மூலக் கோட்டில் கண்ணுக்குத் தெரிகிறது, ஓடுகிற கோட்டில் இல்லை. இரண்டாவது திருத்தத்துக்கு சிவிஇ-2012-2100 என்று தனி எண்ணே கொடுக்க வேண்டி வந்தது. அந்தத் திருத்தம் என்ன செய்தது? தள்ளுவதற்கு முன்னால் அடுக்கைப் பார்த்தது. 1-க்குக் குறைவா, 31-க்கு மேலா, அப்படியென்றால் வேண்டாம். தள்ளிய பிறகு விடையைப் பார்த்து எண்ணிக்கை நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கும் எந்த முயற்சியும் காலம் கடந்த முயற்சிதான், ஏனென்றால் பிழை தள்ளியபோதே நடந்து முடிந்துவிட்டது.

இனி டிரைவருக்குள் வருவோம். சேமிப்புச் சாதனங்களுக்கு 2-இன் அடுக்குகள் மீது அப்படி ஒரு காதல். அளவை நேரடியாகச் சொல்லாமல் அடுக்கைச் சொன்னால் இரண்டு மூன்று பிட்டில் வேலை முடிந்துவிடும் என்ற சிக்கனம். என்விஎம்இ என்ற விதிமுறையில் கதைக்கும் எஸ்எஸ்டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தரவு அனுப்பலாம் என்பதை எம்டிடிஎஸ் என்ற ஒரு பைட்டில் சொல்லும், அதுவும் சாதனத்தின் மிகச் சிறிய பக்க அளவின் மடங்காக, 2-இன் அடுக்கில். பக்கம் 4 கிலோபைட், எம்டிடிஎஸ் 5 என்றால் 128 கிலோபைட். டிரைவருக்கு இது செக்டர் கணக்கில் வேண்டும், ஆகவே 5-ஓடு பக்கத்தின் அடுக்கு 12-ஐக் கூட்டி செக்டரின் அடுக்கு 9-ஐக் கழித்து 8, 1-ஐ 8 இடம் தள்ளினால் 256 செக்டர். சரி. ஆனால் அது ஒரு முழு பைட், 255 வரைக்கும் போகலாம். சாதனம் 29 என்று சொன்னால் 29-உம் 3-உம் 32. எக்ஸ்86-இல் விடை 1 செக்டர். கிட்டத்தட்ட வரம்பே இல்லை என்று சொல்ல வந்த சாதனத்தை ஒரு தடவைக்கு 512 பைட் மட்டும் தூக்கச் சொல்கிறோம், டிஸ்க் ஓடும், ஆனால் ஆமை வேகத்தில், ஏன் என்று யாருக்கும் விளங்காது.

இப்போது கேள்வி: இதை எப்படித் திருத்துவது? கொழும்பில் எங்களோடு வேலை செய்கிற இளையவர்களுக்கு இந்த மாதிரி வரியைக் காட்டினால் முதலில் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, எண்ணிக்கையோட 31-ஐ அன்ட் பண்ணிவிட்டாச் சரிதானே? எச்சரிக்கை போயிடும்." அப்படிச் செய்தால் எண்ணிக்கையின் கடைசி 5 பிட் மட்டும் மிஞ்சும், எச்சரிக்கை போய்விடும், உண்மை. ஆனால் தம்பி செய்தது, எக்ஸ்86 சிப் தானாகச் செய்துகொண்டிருந்த பிழையை எல்லா சிப்புக்கும் பொதுவாக்கியதுதான். முன்பு ஒரு சிப்பில் 1, இன்னொன்றில் 0. இப்போது எல்லாவற்றிலும் 1, எல்லாவற்றிலும் பிழை, அதோடு இனிமேல் எந்தக் கருவியும் அதைக் காட்டிக்கொடுக்காது.

லினக்ஸின் என்விஎம்இ டிரைவர் இந்த இடத்தில் செய்வது எனக்குப் பிடித்த தீர்வு. செக்_எஸ்எச்எல்_ஓவர்ஃப்ளோ என்று கேர்னலில் ஒரு உதவி இருக்கிறது, தள்ளிப் பார்க்கும், வழிந்தால் வழிந்தது என்று சொல்லும், எண்ணிக்கை தவறென்றாலும் சொல்லும். வழிந்தால் டிரைவர் குறியற்ற 32 பிட்டின் ஆகப்பெரிய எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. காரணம் தெளிவு: இது ஒரு மேல் வரம்பு, சாதனம் நம்மால் எண்ண முடியாத அளவு பெரிய வரம்பைச் சொல்கிறது, அப்படியென்றால் அந்தப் பக்கத்தில் இருந்து வரம்பு இல்லை என்று எடுத்துக்கொள்வதில் ஒரு கெடுதியும் இல்லை, கேர்னலின் மற்ற வரம்புகள் எப்படியும் அதைக் கீழே இழுத்துவிடும்.

அதே என்விஎம்இ-யில் இன்னொரு அடுக்கு, ஒரு தரவுத் துண்டின் அளவு. 9 என்றால் 512 பைட், 12 என்றால் 4096. 9-க்குக் குறைந்ததை விதிநூல் ஏற்பதில்லை. இங்கே சாதனம் 40 என்று சொன்னால் மேலே செய்த மாதிரி ஆகப்பெரிய எண்ணைப் போட்டுவிட்டுப் போகலாமா? போட்டால் டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு முகவரியும் பிழையாகும், தரவு நாசம். இங்கே செய்ய வேண்டியது மறுப்பது, இந்தச் சாதனத்தில் வாசிக்கவும் மாட்டேன் எழுதவும் மாட்டேன் என்று சொல்வது. ஒரே மாதிரியான இரண்டு ஷிஃப்ட், ஒரே எச்சரிக்கை, திருத்தம் இரண்டு விதம். அந்த எண் எதற்கு என்று தெரியாமல் ஷிஃப்டைத் திருத்த முடியாது. தானாகத் திருத்தும் கருவிகளிடம் இந்த வேலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாததும் இதனால்தான்.

எஸ்டி மெமரி காட் டிரைவரில் இன்னும் சுவாரசியமான இடம் ஒன்று. காட்டுக்குள் சிஎஸ்டி என்று 128 பிட் பதிவு ஒன்று இருக்கும், அளவு, வேகம், அழிக்கும் துண்டின் அளவு எல்லாம் அதற்குள் நெருக்கி அடைத்திருக்கும். டிரைவர் அதை நான்கு 32 பிட் துண்டாக வாங்குகிறது, அப்படி ஒரு துண்டுக்குப் பெயர் சொல். பழைய வகைக் காட்டில் கொள்ளளவுக்கான 12 பிட், 62ஆவது பிட்டில் தொடங்கும். 32 பிட் சொற்களாக வெட்டினால் அது இரண்டு சொல்லில் பிரிந்து கிடக்கும்: ஒன்றின் மேல் 2 பிட், அடுத்ததின் கீழ் 10 பிட். முதல் சொல்லை 30 இடம் வலப்பக்கம், மற்றதை 2 இடம் இடப்பக்கம், இரண்டையும் சேர்த்தால் ஆச்சு. பொதுவாகச் சொன்னால் ஒன்றை இத்தனை இடம் வலப்பக்கம், மற்றதை 32-இல் மீதி இடம் இடப்பக்கம். ஒரு தகவலுக்கான பிட்கள், அதாவது புலம், சரியாகச் சொல்லின் தொடக்கத்தில் இருந்தால்? மீதி 32. பொறி!

கேர்னல் அந்த இடத்தில் மீதியை 32-ஆல் வகுத்து மிச்சத்தை எடுக்கிறது, அதாவது 32 என்றால் 0. இப்போதுதானே இதே சுற்றிவிடும் வேலையைத் திட்டினேன் என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. புலம் இரண்டு சொல்லில் பிரிந்து கிடந்தால் மட்டுமே அந்த வரி ஓடும், சொல்லின் தொடக்கத்தில் இருந்து 32 பிட்டுக்குள் முடிகிற புலம் ஒருநாளும் பிரியாது, ஆகவே மீதி 32 ஆகும் நிலை வந்தால் அந்த வரி ஓடாது. என் வாசிப்பில் அந்த மிச்சக் கணக்கு விடைக்காக இல்லை, ஓடாத வரியைப் பார்த்தும் கொம்பைலர் முறைக்கக் கூடாது என்பதற்காக. ஓடவே முடியாத இடம் என்று நிரூபித்துவிட்டு வாயை அடைப்பது வேறு, ஓடும் என்று தெரிந்துகொண்டு அடைப்பது வேறு. தேவையான பிட்களை மட்டும் விட்டு மற்றவற்றை மறைக்கும் முகமூடி எண்ணைச் செய்கிற வரியிலும் இப்படி ஒரு காவல் உண்டு: புலம் 32 பிட்டுக்குக் குறைவென்றால் 1-ஐத் தள்ளு, முழு 32 என்றால் தள்ளாமல் 0 எடு, பிறகு 1-ஐக் கழி. 0-இல் 1 கழித்தால் குறியற்ற கணக்கில் எல்லா பிட்டும் 1, தேவைப்பட்டதும் அதுதான்.

அதே எஸ்டி காட் டிரைவரில் இன்னொரு இடம், அழிக்கும் துண்டின் அளவு. காட் சொல்லும் எழுத்துத் துண்டின் அடுக்கில் இருந்து 9-ஐக் கழித்து அத்தனை இடம் தள்ள வேண்டும். அடுக்கு 4 பிட் எண், 0-இல் இருந்து 15 வரை எதுவும் வரலாம். விதிப்படி செய்த காட் 9-க்குக் கீழே சொல்லாது. ஆனால் விதிப்படி செய்யாத காட்களும் உலகத்தில் உண்டு, பெட்டியில் 128 ஜிபி என்றும் உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாமலும் நடைபாதையில் மலிவாகக் கிடைப்பவற்றை வாங்கியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படியொரு காட் 0 என்று சொன்னால் எண்ணிக்கை மைனஸ் 9, எக்ஸ்86-இல் அது 23 இடமாகிவிடும். கேர்னல் கழிப்பதற்கு முன்னால் அடுக்கு 9-ஐ எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கழிக்கிறது. கழித்தல் கலந்த எந்த ஷிஃப்டைக் கண்டாலும் நான் முதலில் தேடுவது இந்த ஒரு சோதனையைத்தான். பெரிய எண்ணிக்கை எல்லோருக்கும் ஞாபகம் வரும், மைனஸ் எண்ணிக்கை வராது.

1-ஐ 31 இடம் தள்ளும் வரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமைப்புப் பதிவேட்டின் கடைசி பிட்டுக்குப் பெயர் வைக்க இப்படி எழுதுவது டிரைவர்களில் சர்வசாதாரணம், அதைக் குறியற்ற 1-ஆக மாற்றும் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். நல்லதுதான், செய்யலாம், வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஆனால் பதிவேடும் 32 பிட், மாறியும் குறியற்ற 32 பிட் என்றால் விடை முன்பும் சரி, பின்பும் சரி. அதே பிட் பெயரை 64 பிட் மாறியோடு சேர்க்கும் இடத்தில்தான் உண்மையான ஆபத்து, மேலே உள்ள 32 பிட்டும் 1 ஆகிவிடும். கேர்னலில் பிட் என்ற மேக்ரோவைப் பயன்படுத்தச் சொல்வார்கள், அது அன்சைன்ட் லாங் வகை. அதிலும் ஒரு கண்ணி: அந்த வகை 64 பிட் சிப்பில் 64 பிட், 32 பிட் ஆர்மில் 32 பிட் மட்டும். 40ஆவது பிட்டை அதைக் கொண்டு எழுதினால் லாப்டொப்பில் ஓடும், பலகையில் ஓடாது. 31-க்கு மேல் போகிற பிட்டுக்கு பிட்_யூஎல்எல் வேண்டும்.

இதையெல்லாம் கண்ணால் தேடித் திரிய வேண்டுமா? ஓரளவுக்கு, வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிக்கும் யூபிசான் என்ற கருவி தேடித் தரும். கொம்பைலர் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனையைச் செருகிவிடும், எண்ணிக்கை மீறினால் கேர்னல் பதிவில் கோப்பு, வரி எண், எத்தனை இடம், எந்த வகை என்று எழுதிவைக்கும். ஜிசிசி-யில் இது 2014-இல் 4.9 பதிப்போடு வந்தது, லினக்ஸ் கேர்னலுக்குள் 2016-இல் 4.5-இல் சேர்ந்தது. எண்ணிக்கைப் பிழைகளுக்கு இது கைகண்ட மருந்து. ஆனால் ஓடிய வரியை மட்டும்தான் பார்க்கும், நல்ல டிஸ்க்கை மாட்டி நாள் முழுக்க ஓட்டினாலும் கெட்ட டிஸ்க் தொடும் வரி ஓடியே இருக்காது. அதோடு, எண் வழிந்தால் சுற்றும் என்று சொல்லிக் கட்டிய கேர்னலில் ஜிசிசி குறி பிட்டுக்குள் தள்ளுவதைப் பிழையாகவே எண்ணாது. ஆக அந்த 2 டெரா வரியைப் பற்றி யூபிசான் வாய் திறக்காமலே இருக்கும். வரையறுக்கப்பட்ட நடத்தை, பிழையான விடை, ஒரு எச்சரிக்கையும் இல்லை.

அதற்கு ஒரே வழி எல்லையில் நின்று சோதிப்பது, அதற்கு 2 டெரா டிஸ்க் வாங்கக் காசு செலவழிக்கவும் தேவையில்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி மட்டும் உள்ள லாப்டொப்பிலேயே மென்பொருளாலேயே ஒரு கணினியைப் போலச் செய்யும் க்யூஎமு-வுக்கு இடம் பிடிக்காத வெற்றுப் படிமம் ஒன்றைச் செய்யலாம், எழுதிய துண்டுக்கு மட்டும்தான் உண்மையான இடம் போகும், 1 டெரா அளவு என்று சொன்னாலும் சில நூறு கிலோபைட்டில் முடிந்துவிடும். இரண்டு படிமம் செய்யுங்கள். முதலாவது சரியாக 1024 ஜிபி, அதாவது 1024-இன் மடங்குகளில் எண்ணும் ஜிபி. கடைசி செக்டர் எண் 2,147,483,647, முதல் பைட் 127, பிழையான டிரைவரும் இதைச் சரியாகக் காட்டும். இரண்டாவது 1025 ஜிபி, முதல் பைட் 128. யூஎஸ்பி டிஸ்க்காக மாட்டி டிரைவரை ஏற்றி, அது சொல்லும் செக்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். 2,149,580,800 என்று வந்தால் அந்த வரி நல்ல வரி. என்விஎம்இ-க்கும் க்யூஎமு-வில் எம்டிடிஎஸ் எண்ணை நாமே கொடுக்க வசதி இருக்கிறது, 28-உம் 29-உம் கொடுத்து இரண்டு தடவை ஏற்றிப் பார்த்தால் போதும், 29-இல் வரம்பு சட்டென்று 1 செக்டருக்கு விழுகிறதா என்பது டிரைவர் கணக்கிட்ட வரம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.